நஞ்சு மருந்தான கதை: முகச் சுருக்க ஊசியின் வரலாறு

 

'நரை, திரை, மூப்பு' என்று மூன்று சொற்களை அடுக்கிச் சொல்வது நம் மரபு. நரை எது, மூப்பு எது என்பதை மாணவர்கள் எளிதில் சொல்லிவிடுவர். 'திரை' என்றால் என்ன என்று ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டால், திரையரங்கையும் திரைச்சீலையையுமே சொல்வர். வயது ஏற ஏறத் தோலில் விழும் சுருக்கத்திற்கும் திரை என்றே பெயர். இம்மூன்றையும் வெல்வதற்குக் காயகற்பம் தேடிய சித்தர்களும் நம் மரபில் உண்டு. இன்றோ, திரையை மட்டும் சில மாதங்களுக்கு மறைத்து வைக்கும் ஓர் ஊசி வந்துவிட்டது. அதுதான் 'போடாக்ஸ்'.

தீபாவளி நெருங்கும் வேளையிலும் திருமணக் காலத்திலும் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் புடைவைக் கடைகளைப் போலவே அழகு நிலையங்களிலும் கூட்டம் நிறைகிறது. புருவம் திருத்தலும் மருதாணி இடலும் அங்கே நெடுங்காலமாக நடப்பவை. ஆனால், அண்மைய ஆண்டுகளில் பெற்றோர்களின் புலனக் குழுக்களில் வேறு வகையான விளம்பரங்களும் வலம் வருகின்றன. 'ஊசி ஒன்று, பத்து நிமிடம், பாதி விலை' என்ற பாணியில் அமைந்தவை அவை. வீட்டிற்கே வந்து ஊசி போடுவதாகவும் சிலவற்றில் எழுதியிருக்கிறார்கள்.

மதிப்பெண் அறிக்கை வழங்கும் நாளொன்றில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "டீச்சர், அந்த ஊசியில பாம்பு விஷம் கலந்திருக்காமே, உண்மையா?"

"பாம்பு விஷம் இல்லம்மா. அதைவிடக் கடுமையானது" என்றேன்.

"அப்புறம் ஏன் டாக்டருங்களே போடுறாங்க?" என்று அவர் மீண்டும் கேட்டார்.

அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாது. அதற்கு இருநூறு ஆண்டுக்கால வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். நான் மருத்துவர் அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்று, ஆரம்பப்பள்ளியில் அறிவியலும் தமிழும் கற்பிக்கும் ஓர் ஆசிரியர். ஆகவே, மருத்துவ அறிவுரையாக அன்றி, வரலாறாகவே இதை எழுதுகிறேன்.

தொத்திறைச்சியில் ஒளிந்திருந்த நஞ்சு

இன்றைய ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியில் அக்காலத்தில் வூர்ட்டம்பெர்க் என்னும் நாடு இருந்தது. விலங்கின் இரத்தத்தையும் இறைச்சியையும் குடலில் அடைத்து, புகையூட்டி, பல நாள் வைத்திருந்து உண்பது அம்மக்களின் வழக்கம். தமிழில் இதனைத் தொத்திறைச்சி என்பர். நம் பிள்ளைகள் விரும்பி உண்ணும் 'சொசேஜ்' இதன் உறவுதான்.

1793ஆம் ஆண்டில் வில்ட்பாட் என்னும் ஊரில் இத்தகைய உணவை உண்ட 13 பேர் நோயுற்றனர். அவர்களுள் 6 பேர் மாண்டனர். இதுபோன்ற மரணங்கள் தொடர்ந்ததால், புகையூட்டிய இரத்தத் தொத்திறைச்சி குறித்து 1802இல் அரசே மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

இந்த மரணங்களை முறையாக ஆராய்ந்தவர் யுஸ்டினுஸ் கெர்னர் (1786 - 1862). இவர் மருத்துவர், கவிஞராகவும் புகழ்பெற்றவர். 1820இல் 76 நோயாளிகளைப் பற்றியும் 1822இல் 155 நோயாளிகளைப் பற்றியும் இவர் நூல் வெளியிட்டார். நோயாளிக்குக் கண்ணிமை சரியும், வாய் வறளும், உணவை விழுங்க இயலாது, தசைகள் ஒவ்வொன்றாகத் தளரும், இறுதியில் மூச்சு நிற்கும். ஆனால், அறிவோ கடைசி வரை தெளிவாக இருக்கும். இத்தனையையும் கெர்னர் குறித்து வைத்தார். விலங்குகளிடம் சோதித்தார். கெட்டுப்போன தொத்திறைச்சியின் சாற்றைச் சில துளிகள் தாமே சுவைத்தும் பார்த்தார்!

அவர் கண்டறிந்தவற்றுள் இரண்டு இன்றும் வியப்பளிப்பவை. காற்றுப் புகாத இடத்தில்தான் இந்நஞ்சு உருவாகிறது என்றும், அது நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கிறது என்றும் அவர் உணர்ந்தார். அடுத்து, மிகச் சிறிய அளவில் கொடுத்தால், கட்டுக்கடங்காமல் துடிக்கும் உடலுறுப்புகளை அடக்க இதே நஞ்சு உதவலாம் என்றும் எழுதினார். எட்டிக்கொட்டையையும் சேராங்கொட்டையையும் சுத்தி செய்து, அளவறிந்து மருந்தாக்கிய சித்த மருத்துவ மரபை அறிந்த நமக்கு இந்த எண்ணம் அந்நியமானதன்று. ஆனால், கெர்னருக்கு அந்நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கவும் அளந்து பார்க்கவும் வழி இல்லை. எனவே, அவரது எண்ணம் ஏட்டளவிலேயே நின்றது.

இழவு வீட்டு உணவும் கண்டறியப்பட்ட நுண்ணுயிரும்

1895ஆம் ஆண்டு டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் என்னும் சிற்றூரில் ஒரு முதியவரின் இறுதிச் சடங்கு நடந்தது. அங்கே இசைக்க வந்திருந்த இசைக்குழுவினர் உப்பிட்டுப் புகையூட்டிய பன்றித் தொடைக்கறியை உண்டனர். பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கம் எஞ்சிய இறைச்சியையும் இறந்தவர்களின் உடற்பகுதிகளையும் சோதித்து, காற்றில்லாச் சூழலில் வளரும் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். 1897இல் அவரது ஆய்வு வெளிவந்தது. இலத்தீனில் 'பொட்டுலுஸ்' என்றால் தொத்திறைச்சி. அச்சொல்லிலிருந்தே 'பொட்டுலினம்' என்ற பெயர் பிறந்தது.

ஆக, அந்தத் தாயின் முதற்கேள்விக்கு விடை இதுதான்: இது பாம்பின் நஞ்சு அன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர் உருவாக்கும் நஞ்சு. மனிதர் அறிந்த நஞ்சுகளுள் மிகக் கடுமையானது இது என்றே அறிவியலாளர் கூறுவர்.

போர்க்கூடத்திலிருந்து கண் மருத்துவமனைக்கு

இவ்வளவு கொடிய பொருள் போர் வல்லுநர்களின் கண்ணில் படாமல் இருக்குமா? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் காம்ப் டெட்ரிக் இராணுவ ஆய்வுக்கூடத்தில் இந்நஞ்சைப் போர்க்கருவியாக ஆராய்ந்தனர். அந்த ஆய்வின் தொடர்ச்சியாக, 1946இல் கார்ல் லமன்னாவும் அவர்தம் குழுவினரும் இதனைப் படிக வடிவில் பிரித்தெடுத்தனர். கொல்வதற்காகத் தொடங்கிய முயற்சிதான், கெர்னருக்குக் கிட்டாத தூய்மையை மருத்துவத்திற்குக் கொடுத்தது. வரலாற்றின் முரண் இது.

1949இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இந்நஞ்சு செயற்படும் இடத்தைக் கண்டறிந்தனர். நம் நரம்பின் நுனி 'அசெட்டைல்கோலின்' என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, 'சுருங்கு' என்று தசைக்குக் கட்டளையிடுகிறது. பொட்டுலினம் அச்சுரப்பைத் தடுக்கிறது. கட்டளை வராத தசை தளர்ந்து கிடக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண் உள்ளவர்களுக்கு அறுவை இல்லாமல் தீர்வு தேடினார். கண்ணை ஒரு பக்கமாக இழுக்கும் தசையைச் சிறிது தளர்த்தினால் பார்வை நேராகும் அல்லவா? டெட்ரிக்கில் பணியாற்றிய எட்வர்ட் ஷான்ட்ஸ் அவருக்குத் தூய நஞ்சை வழங்கினார். ஸ்காட் 1973இல் குரங்குகளில் செய்த சோதனையை வெளியிட்டார். 1980இல் மனிதரிடம் கண்ட பயனை வெளியிட்டார். மாறுகண்ணுக்கும், இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் இதனைப் பயன்படுத்த, 1989 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. பின்னர் அல்லர்கன் நிறுவனம் அம்மருந்தின் உரிமையைப் பெற்று, 'போடாக்ஸ்' என்று பெயரிட்டது.

ஆண்டுகளைக் கவனியுங்கள். கெர்னரின் நூலுக்கும் இந்த ஒப்புதலுக்கும் இடையே 167 ஆண்டுகள் கடந்துவிட்டன. அத்தனைக் காலமும் எதற்குப் பிடித்தது? அளவைக் கண்டறிவதற்கே பிடித்தது.

நெற்றிக்கு வந்த கதை

முகச் சுருக்கத்தை ஊசியால் நீக்கும் ஆசை போடாக்சுக்கு முன்பே இருந்தது. 1900ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், ஐரோப்பாவில் பாரஃபின் மெழுகை உருக்கி முகத்தில் ஏற்றினர். நாளடைவில் மெழுகு இடம் பெயர்ந்தது, தோலுக்கடியில் கட்டிகள் தோன்றின, முகங்கள் சிதைந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரவச் சிலிக்கோனை ஏற்றியவர்களும் அதேபோல் துன்புற்றனர். 1981இல் மாட்டுத் தோலிலிருந்து பெற்ற கொலாஜன் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவை யாவும் பள்ளத்தை நிரப்பும் பொருள்கள்.

போடாக்ஸ் வேறு வகை. அது எதையும் நிரப்புவதில்லை. சுருக்கத்தை உண்டாக்கும் தசையையே ஓய்வெடுக்கச் செய்கிறது. இந்தப் பயன் தற்செயலாகத் தெரியவந்தது. கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கருதர்ஸ் என்னும் கண் மருத்துவர், இமை நோய்க்காக இம்மருந்தைப் பயன்படுத்தி வந்தார். 1987இல் ஒரு நோயாளி, புருவத்திற்கருகே ஊசி போடும்போது தம் முகம் கவலை நீங்கியதுபோல் தெளிவாகிவிடுகிறது என்று சொல்லி, அங்கேயும் போடும்படி கேட்டார். ஜீனின் கணவர் அலஸ்டர் கருதர்ஸ் தோல் மருத்துவர். இருவரும் இணைந்து ஆராய்ந்து, புருவங்களுக்கிடையிலான கோடுகளைப் பற்றிய கட்டுரையை 1992இல் வெளியிட்டனர். 2002 ஏப்ரலில் அமெரிக்கா இப்பயன்பாட்டிற்கு ஒப்புதல் அளித்தது.

மருந்து ஒரு வாரத்திற்குள் பயன் காட்டத் தொடங்கும். மூன்று அல்லது நான்கு மாதங்களில் நரம்பின் ஆற்றல் மீண்டுவிடும். சுருக்கமும் திரும்பிவிடும்.

இதன் அளவு என்ன? ஒரு குப்பியில் 100 அலகு இருக்கும். அக்குப்பியில் உள்ள நஞ்சுப் புரதத்தின் எடை ஏறத்தாழ 5 நானோகிராம். ஒரு கிராமை 20 கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு! புருவ நடுக்கோட்டிற்கு வழக்கமாகப் பயன்படுத்தப்படும் 20 அலகு என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்தோ சமையலறைத் தராசில் நிறுத்தோ எவரும் இதனை அளக்க இயலாது. ஒரு நிறுவனத்தின் அலகும் மற்றொரு நிறுவனத்தின் அலகும் ஒன்றல்ல என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அளவு தவறிய இடங்கள்

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நாம் வகுப்பில் கற்பிக்கும் பழமொழி. அமிர்தத்திற்கே அந்த நிலை என்றால், நஞ்சுக்கு என்ன நிலை?

2004ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு மருத்துவர், ஆய்வுக்கூடப் பயனுக்கு மட்டுமே உரிய செறிவூட்டிய நஞ்சை வாங்கி, அழகு ஊசியாகப் போட்டார். தமக்கும் போட்டுக்கொண்டார். நால்வருக்கும் கடும் முடக்கம் ஏற்பட்டு, செயற்கைச் சுவாசக் கருவியின் துணையால் உயிர் பிழைத்தனர். அத்தகைய 100 மைக்ரோகிராம் குப்பி ஒன்றில் 14,000க்கும் மேற்பட்ட மனிதரைக் கொல்லும் அளவு நஞ்சு இருந்ததாக ஆய்வாளர்கள் பின்னர்க் கணக்கிட்டனர். ஊசி போட்டவர் மருத்துவப் படிப்புப் படித்தவர்தாம். ஆயினும், மருந்து தவறானது, அளவும் தவறானது.

2024இல் அமெரிக்காவில் போலி மருந்துகளாலும், மருத்துவமனை அல்லாத இடங்களில் போடப்பட்ட ஊசிகளாலும் 20க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கெர்னர் 1822இல் எழுதிய அதே நோய்க்குறிகள் இருநூறு ஆண்டுகள் கழித்து மீண்டும் தோன்றின.

நம் நாட்டில்

மலேசியாவில் இவ்வூசி பற்றிய பொது விவாதம் 2006இல் வலுவாக எழுந்தது. அவ்வாண்டு தேசிய ஃபத்வா மன்றம், ஐயத்திற்குரிய பொருள்கள் கலந்திருக்கக்கூடும் என்பதையும் தீங்குகளையும் சுட்டி, அழகுக்காக இதனைப் பயன்படுத்துவது முஸ்லிம்களுக்கு ஆகாது என அறிவித்தது. நோய்க்கான சிகிச்சைக்கு மட்டும் விலக்கு அளித்தது. நம் ஆசிரியர் அறைகளில் மலாய்த் தோழிகளும் தமிழ் முஸ்லிம் நண்பர்களும் இருக்கின்றனர். அவர்கள் இதனை ஏன் தவிர்க்கிறார்கள் என்பதை நாமும் அறிந்திருப்பது நன்று. சைவ உணவினர் அறிய வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. போடாக்ஸ் குப்பியில் மனித இரத்தத்திலிருந்து பெறப்படும் 'அல்புமின்' என்னும் புரதமும் உள்ளது.

சட்டத்தைப் பொறுத்தவரை, நம் நாட்டில் விற்கப்படும் மருந்துகள் 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் எண் இருக்கும். பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அவ்வெண்ணைச் சரிபார்க்கலாம். அழகியல் மருத்துவம் செய்யும் பொது மருத்துவர்கள், சுகாதார அமைச்சின் வழிகாட்டியின்படி 'எல்.சி.பி.' என்னும் தகுதிச் சான்றினைப் பெற்றிருக்க வேண்டும். அழகு நிலையப் பணியாளர் எவ்வளவு கைத்திறன் உடையவராயினும் இவ்வூசியைப் போட அவருக்கு உரிமை இல்லை. பதிவு பெறாமல் மருத்துவ நிலையம் நடத்துபவருக்கு 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இத்தனை இருந்தும் உயிர் போகத்தான் செய்கிறது. 2020 அக்டோபரில் கோலாலம்பூரில் அழகு நிலையம் ஒன்றில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட 23 வயது இளம்பெண் ஒருவர் மாண்டார். அது போடாக்ஸ் அன்று, வேறு சிகிச்சை. எனினும், மருத்துவமனையில் நடக்க வேண்டியதை அழகு நிலையத்தில் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மரணமே சான்று. பாதி விலைக்கு ஊசி கிடைக்கிறது என்றால், மீதிப் பாதியில் எதை விட்டுவிட்டார்கள் என்று நாம் கேட்க வேண்டாவா?

தேன் தொட்டு வைக்கும் பெற்றோர்களுக்கு

ஊசியே வேண்டா என்பவர்களும் இந்த நுண்ணுயிரைப் பற்றி அறிந்தாக வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரை நீரோ தொட்டு வைத்துச் 'சேனை வைத்தல்' நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. பாட்டிமார் அன்போடு செய்வது அது. ஆனால், தேனில் இந்நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை வளர்வதில்லை. ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலிலோ அவை முளைத்து, நஞ்சை உருவாக்கலாம். குழந்தைகளுக்கு வரும் இவ்வகை நோய் 1976இல் அமெரிக்காவில் அடையாளம் காணப்பட்டது. மலச்சிக்கல், பால் குடிக்கத் திணறல், மெலிந்த அழுகை, தலை நிற்காமை ஆகியவை அதன் குறிகள். ஆதலால், ஒரு வயது நிறையும் வரை குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. கொதிக்க வைத்த தேன் என்றாலும் ஆகாது; அவ்வித்துகள் கொதிநீரையும் தாங்க வல்லவை. சடங்கைக் கைவிட மனமில்லாதவர்கள் தாய்ப்பாலையே ஒரு துளி தொட்டு வைக்கலாம்.

நிறைவாக

இவ்வூசியைப் போட்டுக்கொள்ளும் பெண்களையோ ஆண்களையோ ஏளனம் செய்வதற்காக நான் இதை எழுதவில்லை. முகத்தைப் பற்றிய கவலை ஒருவருக்கு ஏன் வருகிறது என்பதை வெளியிலிருந்து எவரும் அறிய இயலாது. பக்கவாதத்தால் இறுகிய கையைத் தளர்த்தவும், நாட்பட்ட ஒற்றைத் தலைவலியைக் குறைக்கவும் இதே மருந்து இன்று உதவுகிறது என்பதையும் மறக்கலாகாது. அதே வேளையில், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் நரம்புத் தசை நோய் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். ஊசி போட்ட பின் இமை சரிந்தாலோ, விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ, உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவிற்குச் செல்ல வேண்டும். ஊசி போட்டவரிடம் திரும்பிச் சென்று நேரத்தை வீணாக்கக் கூடாது.

அந்தத் தாயின் இரண்டாவது கேள்விக்கு என் விடை இதுதான்: ஒவ்வொரு நோயாளியையும் குறித்து வைத்து, விலங்கிடம் சோதித்து, ஒவ்வோர் அலகையும் அளந்து வந்த மனிதர்களின் உழைப்பினால்தான் மருத்துவர் கையில் அது மருந்தாக இருக்கிறது. பதிவெண் இல்லாத குப்பியில் அந்த உழைப்பு எதுவும் இல்லை. எஞ்சியிருப்பது 1793இல் வில்ட்பாட் மக்களைக் கொன்ற நஞ்சு மட்டுமே.

எனவே, விளம்பரம் கைப்பேசிக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஊசி போடுபவர் பதிவு பெற்ற மருத்துவரா? குப்பியின் பதிவெண் என்ன? எத்தனை அலகு போடுகிறார்? இவற்றுள் ஒன்றுக்கேனும் தெளிவான விடை கிடைக்கவில்லை என்றால், எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் அக்காள், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரிடமும் இதைச் சொல்லுங்கள். தேனைப் பற்றி வீட்டிலுள்ள பெரியவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.